சனிக்கிழமை நாற்காலி: தோட்டப்பட்டணத்து டாக்டர் ஒருவர் எம்.பி.ஏ. படித்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை, மாதத்தில் மூன்று சனிக்கிழமைகள், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் வேறொருவருடைய நாற்காலியில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தேன். நாற்காலிக்கு உரியவர் அந்த நேரத்தில் கோலாலம்பூரில், தம்மைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து வரவு செலவு அறிக்கை வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். படிப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 46. இந்தியாவில் மருத்துவம் படித்து, அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, 2010இல் சொந்தமாக கிளினிக் திறந்தவர்.

அந்த இரண்டாண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் இளம் மருத்துவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: டாக்டருக்கு எம்.பி.ஏ. பயன்படுமா? நானும் சேரலாமா? ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவர் அனுமதி தந்தார், கணக்கு நோட்டுகளையும் தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் அவர் வெறும் டாக்டர்தான்.

ஊரும் கிளினிக்கும்

சுங்கை சிப்புட், மலாயா சுதந்திரத் தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தனின் ஊர். 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்துதான். இன்று அந்தப் பால்மரக் (ரப்பர்) காடுகளில் பெரும்பகுதி செம்பனை எனும் எண்ணெய்ப்பனையாகிவிட்டது. லயன் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த நம்மவர்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். லயன்களில் இப்போது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள்.

டாக்டரின் அப்பா தோட்டத்து டிரசர். காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுத்து, வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டு, பிள்ளைப்பேற்றுக்கு நடு இரவில் சைக்கிளில் போனவர். ஊரில் வயதானவர்களுக்கு இன்றும் இவர் 'டிரசர் மகன்'தான். இது வெறும் பாசத்துக்காகச் சொல்வதில்லை. நான் பார்த்தவரை அந்த கிளினிக்கின் மூலதனத்தில் பாதி இந்த இரண்டு சொல்லில் இருந்தது.

வருகிறவர்கள் மூன்று வகை. பழைய தோட்டத்து மக்கள்: இனிப்புநீர் (நீரிழிவு), இரத்த அழுத்தம், மூட்டுவலி, கையில் காசு இருந்தால் காசு, இல்லாவிட்டால் நோட்டில் கணக்கு. தாமான் குடும்பங்கள்: பிள்ளைகளின் சளி, இருமல், எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்று. மூன்றாவது, தோட்டங்களும் தொழிற்சாலைகளும் தாமே செலவை ஏற்கும் பேனல் ஒப்பந்தத்தில் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) மருத்துவம் கிடைக்கும் நாட்டில் தனியார் கிளினிக் நடத்துவது எளிதல்ல. 2006ஆம் ஆண்டு விதிகளின்படி பொது மருத்துவர் பார்ப்பதற்கான கட்டணம் 10 முதல் 35 வெள்ளி. டாக்டர் படித்த ஆண்டுகளில் இந்த அளவுதான் நடப்பில் இருந்தது. அதிலும் தோட்டப்பட்டணத்தில் 35 கேட்பவர் யார்? எனவே எல்லா கிளினிக்கையும் போல இங்கேயும் பார்க்கும் கட்டணத்தைக் குறைத்து, மருந்து விலையில் அதை ஈடுகட்டினார்கள். எதில் லாபம், எதில் நட்டம் என்று யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் மேசை இழுப்பறையில் என்ன மிஞ்சியதோ அதுதான் சம்பளம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நோயாளிகள் வீட்டோடு முடங்கினார்கள். மூன்று மாதம் சேமிப்பிலிருந்து எடுத்து ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். அப்போது கணக்காளர் ஒரு கேள்வி கேட்டாராம்: மாதம் எவ்வளவு வந்தால் கதவைத் திறந்து வைத்திருக்க முடியும்? பத்தாண்டு கிளினிக் நடத்தியவருக்குப் பதில் தெரியவில்லை. படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. பதவிக்காகவோ, விசிட்டிங் கார்டில் இன்னும் மூன்று எழுத்து சேர்ப்பதற்காகவோ அவர் போகவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

பிஸ்கட் டின்னில் நேரம்

முதல் ஆண்டில் ஒரு பாடம் உற்பத்தி, சேவை மேலாண்மை பற்றியது. தொழிற்சாலைக்கு எழுதப்பட்ட பாடம். அதைக் கேட்டுவிட்டு வந்த திங்கட்கிழமையே டாக்டர் வேலையைத் தொடங்கினார்.

கிளினிக்கில் வரிசை எண்ணுக்கு லேமினேட் செய்த அட்டைகள் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தகங்களிலும் கிளினிக்குகளிலும் வேலை பார்த்த மூத்த உதவியாளர் ஒருவர் இங்கே இருக்கிறார். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம், டாக்டர் உட்பட. அக்காவிடம் டாக்டர் ஓர் அழிபேனாவைக் கொடுத்தார். ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் நான்கு நேரம் எழுத வேண்டும்: கதவுக்குள் வந்த நேரம், டாக்டர் அறைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், மருந்து கையில் கிடைத்த நேரம். எழுதிய அட்டைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்ந்தன. அன்றாடம் இரவு அவரும் அவர் மகளும் அதைக் கணினியில் ஏற்றிவிட்டு அட்டையைத் துடைத்து வைப்பார்கள். இரண்டு வாரம் இப்படி நடந்தது. நான் உட்கார்ந்த சனிக்கிழமைகளும் அதில் சேர்த்தி.

ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்த எளிய விதி ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ, அந்த எண்ணிக்கையை மணிக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதால் வகுத்தால், ஒருவர் அங்கே தங்கும் நேரம் கிடைத்துவிடும். திங்கட்கிழமை காலையில் எங்கள் கிளினிக்கில் எப்போது தலையை எண்ணினாலும் பத்துப் பேர். மணிக்கு ஆறு பேர் வந்து போகிறார்கள். வகுத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம். அட்டைகளும் அதையேதான் சொல்லின.

ஆனால் அந்த நூறு நிமிடம் எங்கே போகிறது என்பதை அட்டைகள் மட்டும்தான் சொல்லின. டாக்டரைப் பார்ப்பதற்குமுன் 52. டாக்டரோடு 6. மருந்துக்காக 42.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் ஒன்றை நம்பியிருந்தார்: தாம் வேகமாகப் பார்த்தால் கூட்டம் குறையும் என்று. அவர் வேகமாகப் பார்க்கப் பார்க்க, கூட்டம் காத்திருப்பு நாற்காலியிலிருந்து மருந்துக் கவுண்டருக்கு நகர்ந்ததே தவிரக் குறையவில்லை. கவுண்டரில் ஒரே பெண். மாத்திரையை ஐந்தைந்தாகத் தட்டையான கத்தியால் தள்ளி எண்ணுவாள், உறையில் மலாயிலும் தமிழிலும் கையால் எழுதுவாள், காசு வாங்குவாள், மீதி கொடுப்பாள், இடையில் போன் அடித்தால் அதையும் எடுப்பாள். ஒரு பேனல் நிறுவனம் போனில் வந்துவிட்டால் பத்து நிமிடம் எல்லாம் நின்றுவிடும்.

மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. அடிக்கடி கொடுக்கும் முப்பது மருந்துகளுக்கு அச்சிட்ட லேபிள். இனிப்புநீர், இரத்த அழுத்த மாத்திரைகள் மதியம் கூட்டமில்லாத நேரத்திலேயே எண்ணிக் கட்டி வைக்கப்பட்டன. காசும் போனும் வேறொருவர் கைக்குப் போயின. மூன்று மாதத்தில் நூறு நிமிடம் ஐம்பத்தைந்தாகக் குறைந்தது. டாக்டரோடு இருக்கும் 6 நிமிடம் 9 ஆகக் கூடியது.

வகுப்பில் இதை விளக்கிக் காட்டியபோது எல்லாரும் ஐம்பத்தைந்தைத்தான் பாராட்டினார்களாம். எனக்கு முக்கியம் அந்த மூன்று நிமிடம்தான். நோயாளியைக் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க மூன்று நிமிடம் போதும்.

முப்பது வெள்ளி நோயாளி

பேனல் கணக்கு இதைவிட அவருக்கு வலித்தது. ஐந்து ஒப்பந்தங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் ஒரு வருகைக்கு மருந்து உட்பட 30 வெள்ளி. இடையில் நிற்கும் நிர்வாக நிறுவனம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டரை மாதம் கழித்துப் பணம் அனுப்பும். ஆள் நிறைய வருவதால் இதைத்தான் அவர் கிளினிக்கின் முதுகெலும்பு என்று நினைத்திருந்தார்.

செலவுக் கணக்கியல் படித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். மருந்து 13. வாடகை, சம்பளம், மின்சாரம், உரிமம் எல்லாவற்றையும் தலைக்கு வகுத்தால் 18. இடைத்தரகு 3. மொத்தம் 34. அவருடைய உழைப்புக்குப் பூஜ்யம் போட்டும் ஒவ்வொரு நோயாளிக்கும் 4 வெள்ளியைக் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு விழுந்த பணம் எங்கிருந்து வந்தது? காசு கொடுத்து மருந்து வாங்கிய தோட்டத்து மக்களிடமிருந்து. நம் ஊர் ஏழைகள் தொழிற்சாலை முதலாளிக்கு மானியம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் என்னிடம் சொன்னபோது குரல் கம்மியது.

நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். முன்பு எழுதிய கடிதங்களையும் பார்த்திருக்கிறேன். விலைவாசி ஏறிவிட்டது, தயவுசெய்து கருணை காட்டுங்கள் என்ற தொனி. இந்தக் கடிதத்தில் ஓர் அட்டவணை, ஒரு கோரிக்கை, ஒரு தேதி. மூன்று நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. இரண்டு விலகின. பட்டம் இல்லாமலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் எதிர்த்தரப்பு பேசும் மொழியில் எழுதும் தைரியம் வகுப்பறையில்தான் வந்தது என்று அவர் சொல்கிறார். கடிதங்களைப் பார்த்த நான் அதை ஏற்கிறேன்.

விலகிய இரண்டு நிறுவனங்களின் தொழிலாளர்கள் எங்கே போனார்கள்? அதில் ஒருவர், பத்து மாதமாக ஆஸ்துமாவுக்கு வந்துகொண்டிருந்த வங்காளதேசி இளைஞர், ஒரு சனிக்கிழமை சொந்தக் காசோடு என் முன்னே வந்து உட்கார்ந்தார். புதிய பேனல் கிளினிக் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, போக வண்டி இல்லை என்றார். கணக்கு சரிதான். அந்த இளைஞரின் மூச்சு கணக்கில் எந்த வரியிலும் இல்லை.

பின்னர் 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை நடப்புக்கு வந்தது. மருத்துவர்கள் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவரை போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பார்க்கும் கட்டணத்தை உயர்த்தாமல் மருந்து விலையை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் சிறு கிளினிக் எப்படிப் பிழைக்கும் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் டாக்டர் மட்டும் பதறவில்லை. ஒவ்வொரு மருந்தின் அடக்கவிலையும் இரண்டாண்டுக்கு முன்பே அவர் நோட்டில் இருந்தது.

42 வெள்ளி

இனி எழுதப்போவது எனக்கு எழுத வராத பகுதி.

கவுண்டர் இழுப்பறையில் நீல அட்டை போட்ட மூன்று பள்ளி நோட்டுகள் இருந்தன. கடன் நோட்டு. அக்காவின் கையெழுத்து. நூற்று முப்பது பெயர்கள், மொத்தம் 6,240 வெள்ளி. வரவேண்டிய பணத்தை அதன் வயதுப்படி பிரித்துப் பார், ஓராண்டு தாண்டியது வராது என்று எழுதிவிடு, புதிதாகச் சேரவிடாதே என்று பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பேனல் பாக்கிக்கு அதைச் செய்தார், நல்ல பலன். அதே கையோடு கடன் நோட்டுக்கும் செய்தார். 2023 ஜனவரியில் கவுண்டர் கண்ணாடியில் மலாயிலும் தமிழிலும் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது: கடன் கிடையாது. அக்கா வேண்டாம் என்றார். டாக்டர் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. கடைசி அட்டை. 71 வயதுப் பாட்டி, பதினான்கு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர், பதினெட்டு ஆண்டாக இனிப்புநீர். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது காலில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார். மேலே மஞ்சள் பற்றுக் காய்ந்திருந்தது. அவிழ்க்கும்போதே வாடை வந்தது. துணியின் கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்ததால் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுத்தேன். இரண்டாவது விரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. பாட்டிக்கு வலிக்கவில்லை. அந்தக் காலில் உணர்ச்சி போய் வெகுநாளாகிவிட்டது.

ஏன் பாட்டி இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டேன். மூன்று வாரமாயிற்று என்றார். பழைய பாக்கி 42 வெள்ளி இருக்கிறதே, எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்றார்.

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிதானே என்று கேட்பவர்கள் கேட்கலாம். தாமானிலிருந்து விடியற்காலையில் கிளம்ப வேண்டும், மகன் ஈப்போவில் வேலை, பேரனுக்கு லைசென்ஸ் இல்லை. அதைவிட, அவருக்குக் காலைக் காட்டுவதென்றால் டிரசர் மகனிடம்தான் காட்ட வேண்டும். அவர் வீட்டில் பிறந்த நான்கு பிள்ளைகளும் டிரசர் கையில் பிறந்தவர்கள்.

ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு விரலை எடுத்தார்கள். கால் பிழைத்தது. டாக்டரை வகுப்பு இடைவேளையில் போனில் பிடித்துச் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. இணைப்புத் துண்டிக்கப்பட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன். திங்கட்கிழமை நான் போகவில்லை. கண்ணாடியில் இருந்த காகிதத்தை அவரே சுரண்டி எடுத்ததாக அக்கா சொன்னார்.

பட்டப்படிப்புதான் பாட்டியின் விரலை எடுத்தது என்று சொன்னால் நியாயமாகாது. இரண்டாம் ஆண்டுத் திட்டப் பணிக்கு அவர் எடுத்துக்கொண்டது அதே கடன் நோட்டைத்தான். மேல் தட்டில் ஆண்டுதோறும் காலாவதியாகிற மருந்தின் விலையைக் கூட்டிப் பார்த்தார்: ஏறத்தாழ 11,000 வெள்ளி. நூற்று முப்பது குடும்பங்கள் பத்தாண்டுகளில் சேர்த்த பாக்கி முழுவதும், ஓராண்டில் வீணாகும் மருந்தில் அறுபது விழுக்காடுகூட இல்லை. கசிவு எது என்று தெரியாமல் தவறான துளையை அடைத்திருந்தார். கணக்குக் கருவி ஒன்றுதான். முதலில் 'எவ்வளவு பாக்கி' என்று கேட்டார், பிறகு 'எதோடு ஒப்பிட்டால் பாக்கி' என்று கேட்டார். இரண்டாவது கேள்வியை அவர் கேட்க ஒரு காலின் இரண்டு விரல் ஆயிற்று. அதை அவர் இன்றுவரை தமக்கு மன்னிக்கவில்லை. காகிதம் ஒட்டிய அன்று வாயை மூடிக்கொண்டிருந்த நானும் எனக்கு மன்னிக்கவில்லை.

இரண்டாவது வியாழன்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே நிலைமை அதைவிட மோசம். பாட்டிக்குப் பிறகு டாக்டர் இனிப்புநீர் நோயாளிகளைத் தனியாகக் கவனிக்க முடிவு செய்தார். வாடிக்கையாளர் உறவு பற்றிய பாடத்திலிருந்து ஒரு யோசனை: மருந்து தீரும் தேதிக்கு முன்பே போனுக்குக் குறுஞ்செய்தி. இரண்டு மாதம் அனுப்பினார். யாரும் வரவில்லை.

அக்காவிடம் கேட்டார். இந்த முறை கேட்டார். அக்கா சொன்னது இதுதான்: பதிவில் இருக்கும் எண் பெரும்பாலும் மகனுடையது. மகன் பினாங்கிலோ ஜொகூரிலோ இருப்பார். செய்தி அங்கே போகிறது. இன்னொன்று, சட்டப்படி சம்பளம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், பலருக்கு வருவதும் அந்த நாள்களில்தான். மூன்றாவது வாரத்தில் கை காய்ந்துவிடும். அதனால் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு இழுத்துப் பிடிப்பார்கள். நான்காவது வாரத்தில் அதுவும் இல்லை.

மாதத்தின் இரண்டாவது வியாழன் எப்போதும் 8க்கும் 14க்கும் இடையில் விழும். சம்பளம் வந்த கையோடு. அந்த நாள் இனிப்புநீர் நாளானது. மாதம் முழுவதற்குமான மருந்துக் கட்டு, பாதச் சோதனை, இரத்த அழுத்தம். செய்தியை அக்கா வெள்ளிக்கிழமை கோயிலில் சொன்னார், போனில் அல்ல. முதல் வியாழன் பதினொரு பேர். ஆறாவது மாதம் நாற்பத்தாறு பேர். கூட்டத்தைத் தாங்க அந்த நாளுக்கு என்னையும் வரச் சொன்னார்.

இந்த ஏற்பாட்டில் எம்.பி.ஏ.யின் பங்கு எவ்வளவு, அக்காவின் பங்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டால், நோயாளிகளை ஒரே நாளில் தொகுக்கலாம் என்ற எண்ணமும், அதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்கும் படிப்பிலிருந்து வந்தவை. எந்த நாள், எந்த வாயால் என்பது அக்காவிடமிருந்து வந்தது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் வியாழன் காலியாகத்தான் இருந்திருக்கும்.

அதே பட்டம், வேறொரு கை

ஒப்பிட ஒரு வாய்ப்பு எனக்கு இயல்பாகவே அமைந்தது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஒப்பந்த மருத்துவர். 2016 டிசம்பர் முதல் அரசு புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கியது. நிரந்தர வேலையும் நிபுணத்துவப் பயிற்சியும் கிடைக்குமா என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். 2021 ஜூலை 26இல் கறுப்பு உடையணிந்து வார்டை விட்டு வெளியே வந்து நின்றவர்களில் இவளும் ஒருத்தி. ஏறத்தாழ டாக்டர் சேர்ந்த அதே காலத்தில், இணையவழியில் எம்.பி.ஏ. சேர்ந்தாள். வயது 29. இரவுப் பணி முடித்து வந்து பாடம் படித்தாள். மதிப்பெண்ணில் டாக்டரைவிட எவ்வளவோ மேல்.

அவளும் வரிசைக் கோட்பாடு படித்தாள். அவள் வேலை பார்த்த வெளிநோயாளிப் பிரிவிலும் மருந்துக்குத்தான் நீண்ட வரிசை. ஓர் ஆலோசனையை எழுதி மேலே கொடுத்தாள். நன்றி என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் வேறிடத்துக்கு மாற்றப்படக்கூடிய ஒப்பந்த மருத்துவர் சொல்லி ஒரு துறையின் நடைமுறை மாறாது. படித்ததைச் செய்து பார்க்க அவளுக்கு ஒரு மேசைகூட இல்லை.

பட்டம் கிடைத்ததும் கோலாலம்பூரில் காப்புறுதித் துறையில் வேலை கிடைத்தது. சம்பளம் நல்ல சம்பளம். இரவுப் பணி இல்லை. மற்ற மருத்துவர்கள் அனுப்பும் கோரிக்கைகளைப் படித்துச் செல்லும், செல்லாது என்று எழுதுகிறாள். அவளுக்கு அந்தப் பட்டம் பயன்பட்டதா? பட்டது. அவள் அழுத இரவுகளை அறிந்தவள் நான், அவள் போனதில் எனக்கு ஒரு சொல்கூடக் குறையில்லை. ஆனால் 'மருத்துவர்களுக்கு எம்.பி.ஏ.யால் வருமானம் கூடுகிறது' என்று விளம்பரங்கள் சொல்லும்போது, அந்தக் கூடுதலில் எவ்வளவு மருத்துவத்தை விட்டு வெளியேறியதற்கான விலை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகளும் மதுரையும்

அமெரிக்காவில் மருத்துவமும் எம்.பி.ஏ.யும் சேர்த்துப் படிக்கும் திட்டங்கள் 1990களின் தொடக்கத்தில் விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தன. இன்று அறுபதுக்கு மேல். வார்ட்டன் வணிகப்பள்ளியில் முப்பதாண்டுகளில் படித்து வெளியேறிய மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர், தொழிலில் விரைவாக முன்னேறவும் பிற துறையினரிடையே தம் சொல்லுக்கு மதிப்புக் கிடைக்கவும் அந்தப் படிப்பு உதவியது என்றார்கள். இரண்டாண்டையும் பெரும்பணத்தையும் செலவிட்டவரைக் கேட்டால் வீண் என்று சொல்ல மனம் வருமா என்பதையும் சேர்த்துத்தான் இதை வாசிக்க வேண்டும்.

விளம்பரங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது அமாண்டா குடால் 2011இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளைப் புற்றுநோய், செரிமானம், இதயம் ஆகிய மூன்று துறைகளில் எடுத்துப் பார்த்தார். மருத்துவர் தலைமையிலான மருத்துவமனைகளின் தர மதிப்பெண் சுமார் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது எம்.பி.ஏ.க்குச் சான்று என்று காட்டுகிறவர்கள் ஆய்வைப் படிக்கவில்லை. அவர் ஒப்பிட்டது மருத்துவரையும் மருத்துவரல்லாத நிர்வாகியையும். பட்டத்தை அவர் ஒப்பிடவில்லை. தவிர, நல்ல மருத்துவமனைதான் மருத்துவரைத் தலைவராகத் தேடிக்கொள்கிறதோ என்னவோ. இந்த ஆய்வு தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு நெருக்கமான சான்று மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு ஆயிரமாயிரம் பேருக்குக் கண்புரை அறுவை செய்தவர். அங்கே அறுவை அறையில் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருவருக்கு முடிந்ததும் மருத்துவர் திரும்பினால் அடுத்த மேசையில் நோயாளி தயார். மற்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்வார்கள். காசு கொடுப்பவர் கட்டணத்தில் ஏழைக்கு இலவசம். 1993இல் ஹார்வர்டு வணிகப்பள்ளியே இதைப் பாடமாக எழுதியது. வெங்கடசாமிக்கு எம்.பி.ஏ. கிடையாது. ஆனால் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த துளசிராஜைத் தம்மிடம் அழைத்து வைத்துக்கொண்டார். எங்கள் டாக்டர் இதை வகுப்பில் பாடமாகப் படித்துவிட்டு வந்து, தோட்டத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த நம் டிரசர்களை யாரும் பாடமாக எழுதவில்லையே என்றார்.

போட்டதும் வந்ததும்

படிப்புக் கட்டணம் 36,000 வெள்ளி. சனிக்கிழமைகளுக்கு எனக்குக் கொடுத்தது மணிக்கு 45 வீதம், 72 நாளுக்கு 25,920. ஈப்போவிலிருந்து ரயில், தங்கும் செலவு 9,000. மொத்தம் 70,920.

ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த பேனல் பாக்கி 41,300இல் 27,500 வசூலானது. மருந்து வீணாவது ஆண்டுக்கு 11,000இலிருந்து 3,000க்குள் வந்தது. நட்ட ஒப்பந்தங்கள் ஒழிந்தன. போட்ட பணம் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. அவர் மகள் ஐந்தாம் படிவப் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டில் அவர் பெரும்பாலான சனிக்கிழமைகள் வீட்டில் இல்லை. அது கணக்கின் எந்தப் பத்தியிலும் வராது.

என் கணிப்பை மறைக்காமல் சொல்கிறேன். பாக்கி வசூலுக்கும் மருந்து இருப்புக்கும் நல்ல கணக்கர் ஒருவரும் ஒரு வாரப் பயிற்சியும் போதும். ஒற்றை நாற்காலி கிளினிக் வைத்திருப்பவரை இரண்டாண்டு படிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நாற்பது படுக்கை மருத்துவமனைக்கோ, ஒரு துறைக்கோ பொறுப்பேற்றவர் என்றால் தயங்காமல் சேரட்டும், பொறுப்பில் இருக்கும்போதே சேரட்டும். டாக்டருக்குப் படிப்பு ஒட்டியது, சனிக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை செய்து பார்க்க ஒரு கிளினிக் கையில் இருந்ததால்தான். செய்தது தப்பானால் அதன் முகத்தை நேரில் பார்க்க வேண்டியிருந்ததால்தான். பட்டம் முதலில், பொறுப்பு பிறகு என்று போகும் இளையவர்களிடம் நான் பொறுத்திரு என்கிறேன். ஒப்பந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறத்தான் இந்தப் பட்டம் என்றால் அதைத் தெரிந்தே எடு, தப்பில்லை என்றும் சொல்கிறேன்.

கடன் நோட்டு இப்போது நான்காவதாக ஓடுகிறது. இனிப்புநீர், இரத்த அழுத்த நோயாளிகளுக்கு வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு 100 வெள்ளி. ஆண்டுச் செலவில் அதற்கென்று ஒரு தொகையை டாக்டர் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறார்.

பாட்டி இரண்டாவது வியாழன் தவறாமல் வருகிறார். அவருடைய 42 வெள்ளியைத் தள்ளிவிடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாதம் 5 வெள்ளி கொடுத்தார். ஒன்பதாவது மாதம் மீதி 2 வெள்ளியைக் கொடுத்துவிட்டு, அந்த வரியை அடிக்கச் சொல்லி, அக்கா அளவுகோல் வைத்துக் கோடு போட்டு முடிக்கும்வரை கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.